இருபத்தைந்து அடிக் கோடு

ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல்.
மணலியிலிருந்து முகத்துவாரம் வரை
என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.
துணி ஒட்டிய பழைய தாள்.
மடித்த இடமெல்லாம் நைந்து வெளுத்து
யாரும் போடாத நாலு சாலைகள்
அதில் தாமாக உண்டாகியிருக்கின்றன.

வடிகால் வேலைக்கு மட்டம் பார்க்க அனுப்பினார்கள்.
தினக்கூலி சர்வேயர் நான்.
லேப்டாப்பில் இன்றைய செயற்கைக்கோள் படம்,
அதன் மேல் பாதி மங்கலாக அன்றைய தாள்.
கண்டெய்னர் யார்டின் தகரத்தைத் துளைத்துக்கொண்டு
பனைகள் எழுகின்றன.
எடை மேடைக்கு அடியில் உப்பளம்.
ஆலையின் நெருப்புக் குழாய் நிற்கும் இடத்தில்
தோப்பு என்று மட்டும் இருக்கிறது,
எதன் தோப்பு என்று எழுத இடம் போதவில்லை போல.

கொடுவாத் தாங்கல்.
ஆங்கில எழுத்தில் அதன் வாயைக் கோணலாக்கியிருக்கிறான் வரைந்தவன்.
சுற்றிலும் விட்டுவிட்டு ஓடும் நீலக் கோடு,
வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது
என்பதற்கான அடையாளம்.
பாதி நாள் இல்லாததை
எப்போதும் இல்லை என்று படித்துப்
பட்டா போட்டிருக்கிறார்கள்.
தாங்கல் என்றால் தாங்குவது.
இப்போது டிரெய்லர் லாரிகளைத் தாங்குகிறது.

சின்ன நீல வட்டம் ஒன்று, கிணறு.
ஜிபிஎஸ் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது
எத்திராஜின் பஞ்சர் கடையில்.
"கெணறா? அதெல்லாம் தெரியாது சார்.
ஜாக்கிய இந்தப் பக்கம் வெச்சா எறங்கும்.
எத்தினி கான்கிரீட் கொட்டியும் எறங்குது.
அதனால அந்தப் பக்கம் வெப்பேன்."
டியூபை மறுபடி தண்ணீரில் முக்கினார்.
குமிழிகள் வந்தன.

அந்தக் காலம் நல்ல காலம் என்று
தாள் எங்கேயும் சொல்லவில்லை.
வரி வாங்கவும் படை நடத்தவும் அளந்த தாள் அது.
கோயிலுக்குக் குறி உண்டு, தபாலாபீசுக்கு உண்டு,
போலீஸ் சாவடிக்கும் உண்டு.
ஊருக்குப் பெயர் உண்டு, தடித்த எழுத்தில், மேட்டின் மேல்.
ஊருக்குக் கிழக்கே அரை அங்குலம் தள்ளி
ஏழு சிவப்புச் சதுரங்கள்.
பெயர் இல்லை.
இருபத்தைந்து அடிக் கோட்டுக்கு வெளியே,
தாங்கலின் கலங்கல் வழிந்தால்
தண்ணீர் இறங்கும் தடத்தில்.
யார் யாரை அங்கே இருக்கச் சொன்னது
என்பதற்குக் குறி கிடையாது.
கோடு மட்டும் சொல்லிவிடுகிறது.

ஏழு இப்போது இருநூற்றுச் சொச்சம்.
தேவகிருபை கதவைத் திறந்தபோது
முழங்கை வரை இட்லி மாவு.
"அளக்கணுமா? அளந்துதான் வெச்சிருக்கேன்."
சுவரில் ஆணியால் கீறிய கோடுகள்.
முட்டிக்குக் கீழே ரெண்டாயிரத்து அஞ்சு.
இடுப்பில் பதினைந்து.
மார்பளவில், கீறவே தேவைப்படாமல்,
இருபத்து மூன்று:
எண்ணெய் கலந்த வெள்ளம்
தானே இழுத்துவிட்டுப் போன கறுப்புப் பட்டை.
ரெண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் மேலே வந்துவிட்டதாம்.

மட்டக்கோல் வைத்துக் கணக்குப் போட்டேன்.
ஒருமுறை தப்பாகப் போட்டு, மறுபடி போட்டேன்.
கறுப்புப் பட்டைக்கும் தாளின் கோட்டுக்கும்
ஒரு சாண்கூட வித்தியாசமில்லை.
ஊர் தொடங்கும் இடம் வரை ஏறி
அங்கேயே நின்றிருக்கிறது தண்ணீர்.

"இந்த எடத்துக்கு என்னக்கா பேரு?"
"மேல இருக்கறவங்க பள்ளம்பாங்க.
ரேஷன் கார்டுல வேற ஏதோ நகர்.
எங்களுக்குள்ள எதுக்குப் பேரு,
இங்கன்னு சொல்வோம், அவ்ளோதான்.
உன் மேப்புல நாங்க இருக்கமா?"
காட்டினேன்.
ஏழையும் விரலால் தொட்டு எண்ணினாள்,
மாவு ஒட்டிக்கொண்டது.

வேலை வரைபடத்தில் பெயருக்கான கட்டத்தில்
இங்க என்று எழுதிவைத்தேன்.
பென்சிலால்தான்.
ரப்பர் அவர்களிடம் இருக்கிறது.